பிள்ளை தண்ணீரில் இருக்கும்போது பொறுப்பு யார் கையில்?

நீச்சல் தடாகத்திலோ கடலிலோ ஒரு பிள்ளை மூழ்கிய செய்தி வந்தால் இரண்டு கேள்விகள் உடனே கிளம்பும். "தாய் தகப்பன் எங்கே போனார்கள்?" என்பது ஒன்று. "தடாகக்காரர் என்ன பார்த்துக்கொண்டிருந்தார்கள்?" என்பது மற்றது. ஒரு பக்கம் பிழை என்றால் மற்றப் பக்கம் தப்பிவிட்டது என்ற எண்ணத்திலேயே வாதம் நடக்கும். குழப்பம் தொடங்குவது அங்கேதான். பொறுப்பு என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு விடயங்கள் கிடக்கின்றன.

1. கண்காணிப்பு: இந்த நொடியில் அந்தப் பிள்ளையைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பவர் யார்?
2. இடத்தின் பாதுகாப்பு: வேலி, ஆழக் குறியீடு, உயிர்காப்பாளர், மீட்புச் சாதனம் ஆகியவற்றை ஒழுங்காக வைத்திருக்க வேண்டியவர் யார்?
3. சட்டப் பொறுப்பு: விபத்து நடந்த பிறகு தண்டனைக்கோ நட்டஈட்டுக்கோ உள்ளாகக்கூடியவர் யார்?

மூன்றாவதை நீதிமன்றம் ஆறுதலாக, பல மாதம் எடுத்து, பலருக்கும் பங்கிட்டுக் கொடுக்கலாம். முதலாவதைப் பங்கிட முடியாது. ஒரு நேரத்தில் ஒருவரிடம் மட்டுமே அது இருக்கும். இல்லாவிட்டால் ஒருவரிடமும் இல்லை. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றியது.

மூழ்குதல் என்றால் என்ன

2002இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய உலக மாநாடு ஒன்றில் வல்லுநர்கள் ஒரு வரையறைக்கு வந்தார்கள். திரவத்துக்குள் அமிழ்வதால் மூச்சு விடுவது தடைப்படும் நிகழ்வே நீரில் மூழ்குதல். அதன் முடிவு சாவாகவும் இருக்கலாம், மூளைப் பாதிப்பாகவும் இருக்கலாம், ஒன்றும் ஆகாமல் எழும்பி வருவதாகவும் இருக்கலாம். ஆகவே செத்தால்தான் மூழ்கியதாகக் கணக்கு என்பதில்லை. இருமிக்கொண்டு கரையேறிய பிள்ளையும் மருத்துவக் கண்ணில் மூழ்கிய பிள்ளைதான். வட்ஸ்அப்பில் சுற்றும் 'உலர் மூழ்குதல்' (நுரையீரலுக்குள் நீர் போகாமலே மூச்சடைப்பது), 'இரண்டாம் நிலை மூழ்குதல்' (கரையேறிச் சில மணிநேரத்தின் பின் மூச்சுத் திணறுவது) என்ற பெயர்களை அந்த வரையறைக்குப் பிறகு மருத்துவ அமைப்புகள் கைவிட்டுவிட்டன.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021இல் உலகில் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் 5 வயதுக்குக் குறைந்த குழந்தை. இலங்கையில் ஆண்டுக்குச் சராசரியாக 855 பேர் என்று 2014இல் வெளியான தேசிய அறிக்கை ஒன்று கணக்கிட்டது.

எண்ணிக்கையைவிடப் பெற்றோர் விளங்கிக்கொள்ள வேண்டியது, மூழ்கும் பிள்ளை எப்படி இருக்கும் என்பதை. கையை வீசி, "காப்பாத்துங்கோ" என்று கத்தி, தண்ணீரை அடித்துக்கொண்டு என்பது சினிமாக் காட்சி. மூச்சு விட முடியாதவருக்குக் குரல் வராது. வாய் நீர்மட்டத்துக்கு மேலே வரும் அரை நொடியில் உடல் காற்றை இழுக்கத்தான் பார்க்கும், பேசப் பார்க்காது. கைகள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து தண்ணீரைக் கீழே அழுத்தும். அவற்றை உயர்த்தி ஆட்ட அந்த நேரத்தில் முடியாது. தலை பின்னால் சாய்ந்திருக்கும், உடல் நெட்டாக நிற்கும், ஏணியில் ஏறுவது போன்ற ஓர் அசைவு தெரியும். பார்ப்பவருக்குப் பிள்ளை நின்று விளையாடுவதாகத்தான் படும். அமெரிக்க உயிர்காப்பாளர் பிராங்க் பியா கடற்கரையில் படம்பிடித்துப் பார்த்து விவரித்த இந்த நிலை, பெரும்பாலும் 20 முதல் 60 நொடிக்குள் முடிந்துவிடும்.

வரும் ஒரு வட்ஸ்அப் செய்தியை வாசித்துப் பதில் போட எவ்வளவு நேரம் எடுக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். காதைத் தீட்டி வைத்துக்கொண்டு கண்ணை வேறெங்கோ வைத்திருப்பது தடாகக் கரையில் காவலே அல்ல.

'பார்த்துக்கொண்டிருந்தேன்' என்பதன் அளவு

கண்காணிப்புக்கு வயதை ஒட்டிய அளவு இருக்கிறது. அவுஸ்திரேலியா, பிரித்தானியா போன்ற நாடுகளின் வழிகாட்டல்களைச் சேர்த்துப் பார்த்தால் கிடைப்பது இது.

1. 5 வயதுக்குக் கீழ்: கை நீட்டினால் தொடும் தூரம். பெரியவரும் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். கரைக் கதிரை செல்லாது.
2. 5 முதல் 10 வரை: இடையறாத பார்வை. பெரியவர் விளிம்பிலேயே, இறங்கத் தயாரான உடுப்போடு.
3. 10க்கு மேல்: நீந்தும் திறனையும் இடத்தையும் பொறுத்துத் தளர்த்தலாம். தனியே விடுவது எந்த வயதிலும் நல்லதல்ல.

பிரித்தானியப் பொதுத் தடாகங்களில் 8 வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் பெரியவர் இல்லாமல் உள்ளே விடுவதில்லை. அங்கே பின்பற்றப்படும் வழிகாட்டல் ஒன்றின்படி 4 வயதுக்குக் கீழ் ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், 4 முதல் 7 வரை இரண்டு பிள்ளைக்கு ஒருவர். ஒரு தாய் மூன்று பிள்ளைகளோடு வந்தால் அவரைத் திருப்பி அனுப்பவும் செய்வார்கள். எங்களூரில் இப்படித் திருப்பி அனுப்பினால் வாசலிலேயே சண்டை நடக்கும். ஆனால் கணக்கு சரியான கணக்கு.

இனி, குடும்பமாகப் போகும்போது நடக்கும் கோளாறு. பிறந்தநாள் விருந்து ஒன்றுக்கு ஹோட்டல் தடாகத்தைச் சுற்றி எட்டுப் பெரியவர்கள். அம்மா சித்தியைப் பார்த்து நிம்மதியாக இருக்கிறார், சித்தி மாமாவை நம்பியிருக்கிறார், மாமா உயிர்காப்பாளர் நிற்கிறார்தானே என்று தேத்தண்ணி எடுக்கப் போகிறார். பலர் அடித்தால் பாம்பு சாகாது என்பது இங்கே அப்படியே பொருந்தும். ஒரே ஒரு பெரியவர் உள்ள இடத்தில் அவருக்குத் தன் கடமை தெரியும். எட்டுப் பேர் உள்ள இடத்தில் அது எங்கோ நழுவிவிடுகிறது.

இதற்கு மருந்து கைமாற்றத்தை வாயால் சொல்வது. "நான் உள்ளே போறன், இனி நீங்கள் பாருங்கோ" என்று ஒருவர் சொல்லி, "ஓம், நான் பார்க்கிறன்" என்று மற்றவர் திருப்பிச் சொன்னால்தான் பொறுப்பு கைமாறியது. தலையாட்டினால் போதாது. 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்ற வேண்டும், ஏனென்றால் கவனம் அதற்கு மேல் சோரும். காவலில் உள்ளவர் கையில் போன் இருக்கக்கூடாது. அவர் குடித்திருக்கவும் கூடாது. கழுத்தில் ஒரு விசிலையோ அட்டையையோ போட்டு, யாரிடம் அது இருக்கிறதோ அவரே காவல் என்று வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. பார்க்கச் சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும். ஆனால் "இப்போது யார்?" என்ற கேள்விக்கு அங்கே எப்போதும் விடை இருக்கிறது. பன்னிரண்டு வயது அக்காவின் கழுத்தில் மட்டும் அதைப் போட்டுவிடக்கூடாது. தம்பியைப் பார்த்துக்கொள் என்று மூத்த பிள்ளையிடம் விடுவது எங்கள் வீடுகளில் அன்பின் பேரால் நடக்கும் ஒன்று. தண்ணீர்க் கரையில் அது இரண்டு பிள்ளைகளையும் ஆபத்தில் தள்ளும்.

உயிர்காப்பாளர் இருக்கிறாரே என்ற நம்பிக்கைக்கு ஒரு வார்த்தை. தன் பகுதி முழுவதையும் 10 நொடிக்குள் கண்ணால் வலம்வந்து, ஆபத்தில் இருப்பவரை அடுத்த 20 நொடிக்குள் எட்ட வேண்டும் என்பது அந்தத் தொழிலில் சொல்லப்படும் விதி. நன்றாகச் செய்தாலும் அவர் நாற்பது தலைகளைப் பார்க்கிறார். உங்கள் பிள்ளையை மட்டும் பார்ப்பவர் அவரல்ல. பயிற்றுநரும் அப்படியே. ஒரு பிள்ளையின் கையசைவைத் திருத்திக்கொண்டிருக்கும் நிமிடத்தில் மற்ற ஒன்பது பிள்ளைகளுக்கு அவர் முதுகைத்தான் காட்டுகிறார். அதனால்தான் வகுப்பு நடக்கும்போது கற்பிப்பவர் வேறு, காவல் காப்பவர் வேறு என்று இருக்க வேண்டும்.

கையில் மாட்டும் காற்றடைத்த பட்டைகளும் வாத்து வடிவ ரியூபும் விளையாட்டுச் சாமான்கள். காற்று இறங்கும், கழன்று போகும், பிள்ளையைத் தலைகீழாகவும் கவிழ்க்கும். தரச் சான்று பெற்ற, உடம்புக்குப் பொருந்தும் உயிர்காப்பு அங்கி வேறு சங்கதி.

'என் பிள்ளைக்கு நீந்தத் தெரியும்'

கொழும்பில் நீச்சல் வகுப்பு இப்போது ரியூசன் போல ஆகிவிட்டது. நல்லதுதான். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு, அதாவது 6 வயதிலிருந்து, நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்பிக்குமாறு உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது. ஆனால் சான்றிதழும் பதக்கமும் வேறு, தண்ணீரில் தப்பும் திறன் வேறு. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் அந்தத் திறனை ஐந்து செயல்களாகப் பிரிக்கிறது. இவற்றைத் தொடர்ச்சியாக, இடையில் நிற்காமல் செய்ய வேண்டும்.

1. தலைக்கு மேல் ஆழமான நீரில் இறங்கி அல்லது குதித்து மேலே வருதல்.
2. ஒரு நிமிடம் மிதத்தல் அல்லது காலை அடித்து நின்ற நிலையில் இருத்தல்.
3. ஒரு முழுச் சுற்றுத் திரும்பி வெளியேறும் வழியைக் கண்டுபிடித்தல்.
4. அந்த வழிவரை 25 யார் தூரம் (ஏறத்தாழ 23 மீற்றர்) நீந்துதல்.
5. தடாகமென்றால் ஏணியைப் பிடிக்காமல் வெளியே ஏறுதல்.

ஆழம் குறைந்த பக்கத்தில் அகலவாக்கில் மூன்று முறை போய்வரும் பிள்ளை இதில் முதலாவதிலேயே தடுமாறலாம். பயிற்றுநரிடம் "எத்தனை ஸ்ட்ரோக் பழகியிருக்கிறான்?" என்று கேட்பதற்குப் பதிலாக இந்த ஐந்தையும் செய்துகாட்டச் சொல்லலாம்.

நன்றாக நீந்தும் பிள்ளைகளுக்கென்றே ஓர் ஆபத்து இருக்கிறது: யார் அதிக நேரம் மூச்சடக்குவது என்ற போட்டி. பலமுறை வேகமாக மூச்சை இழுத்து விட்டுவிட்டு மூழ்கினால் இரத்தத்தில் கரியமிலவாயு குறையும். மூச்சு விடச் சொல்லி மூளையை உந்துவது முக்கியமாக அந்த வாயுதான். உந்துதல் வருமுன்னே ஒட்சிசன் தீர்ந்து, பிள்ளை தண்ணீருக்கடியில் மயங்கும். திமிறல் கிடையாது, குமிழி கிடையாது. அந்த விளையாட்டை முற்றாகத் தடை செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

தொடர்மாடித் தடாகம்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டிப் பக்கம் எழும்பிய புதிய தொடர்மாடிகள் பலவற்றின் விளம்பரத்தில் கூரைத் தடாகம் முதல் வரியில் வரும். உயிர்காப்பாளர் பற்றி ஒரு வரியும் இருக்காது. காவலாளி கீழே வாசலில் இருப்பார். இப்படியான இடங்களில் பிள்ளைகள் நீந்தப் போய் மூழ்குவதைப் பற்றியே நினைக்கிறோம். சின்னக் குழந்தைகள் விடயத்தில் நிலைமை வேறு: நீந்தும் நேரமே அல்லாத நேரத்தில், தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று யாரும் எண்ணாத குழந்தை, பந்தை எடுக்கப் போய் விழுகிறது.

அதனால் வேலி முக்கியம். நான்கு பக்கமும் அடைத்த வேலி, குறைந்தது 1.2 மீற்றர் உயரம், ஏறுவதற்குக் கால் வைக்க இடமில்லாத அமைப்பு, தானாக மூடித் தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள். கதவைக் கல் வைத்துத் திறந்து வைத்திருந்தால் வேலியே இல்லை என்று அர்த்தம். அடியிலுள்ள வடிகால் மூடி உடைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதன் உறிஞ்சுதல் தலைமயிரையோ கையையோ பிடித்தால் பெரிய ஆளாலும் இழுத்தெடுப்பது கடினம். இவற்றை நிர்வாகக் குழுவுக்கு எழுத்தில் கொடுப்பது நல்லது. ஏன் எழுத்தில் என்பது சட்டப் பகுதியில் விளங்கும்.

கடல் தடாகமல்ல

கொழும்புத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குக் கடல் என்றால் மனதில் நிற்பது வடக்கின் கடல். காரைநகர் கசூரினாவில் வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. கீரிமலைக் கேணியில் நான்கு பக்கமும் சுவர். அந்த நினைவோடு மரீன் டிரைவைக் கடந்து, தண்டவாளத்தைத் தாண்டி வெள்ளவத்தைக் கரையில் கால் நனைக்கிறார்கள். அங்கே அலை நேரே கரையில் உடையும், கால் வைத்த மணல் சரியும். தென்மேல் பருவக்காற்று வீசும் மே முதல் செப்ரெம்பர் வரை, யாழ்ப்பாணத்தார் சோளகம் என்று சொல்லும் காலத்தில், மேற்குக் கரை முழுவதுமே கொந்தளிப்பாக இருக்கும். பிள்ளைகளுக்கு ஓகஸ்ட் விடுமுறை வருவதும் அதே காலத்தில்தான்.

கரைக்கு வந்த நீர் திரும்பிப் போகும் ஒடுக்கமான ஓட்டமே இழுவை நீரோட்டம். அது பிள்ளையைக் கீழே இழுப்பதில்லை, வெளியே கொண்டுபோகிறது. நொடிக்கு 2 மீற்றரைத் தாண்டும் வேகத்தையும் அது எட்டக்கூடும்; எதிர்த்து நீந்தி எவராலும் வெல்ல முடியாது. இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைய, நடுவில் அமைதியாக, சற்றுக் கறுப்பாகத் தெரியும் இடம் அதுவாக இருக்கலாம். குழந்தையோடு வந்தவர்கள் தெரிவு செய்வதும் பெரும்பாலும் அந்த 'அமைதியான' இடத்தைத்தான். அகப்பட்டவர் மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்டு, முடிந்தால் கரைக்குச் சமாந்தரமாக நீந்தி வெளியேற வேண்டும்.

கல்கிசை போன்ற கரைகளில் உயிர்காப்பாளர்கள் கடமையில் இருப்பார்கள். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த இரண்டு கொடிகளுக்கு இடையிலான பகுதிதான் அவர்கள் கண் வைத்திருக்கும் பகுதி. தனிச் சிவப்பு என்றால் இறங்கக்கூடாது. கொடியே இல்லாத கரையைப் பலர் தடையில்லாத கரை என்று வாசிக்கிறார்கள். அதன் பொருள் அங்கே யாரும் பார்க்கவில்லை என்பதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது

இங்கே சொல்வது பொதுவான விளக்கம். தனி வழக்குக்குச் சட்டத்தரணிதான்.

குற்றவியல் பக்கத்தில் இரண்டு பிரிவுகள் பேசப்படும். தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு, முன்யோசனையற்ற அல்லது கவனயீனமான செயலால் மரணம் விளைவிப்பதைப் பற்றியது; ஐந்து ஆண்டுவரை சிறை, அல்லது குற்றப்பணம், அல்லது இரண்டும். அது பெற்றோர், பயிற்றுநர், தடாக நடத்துநர் என்று ஆள் பார்ப்பதில்லை. 1995இல் சேர்க்கப்பட்ட 308அ பிரிவு, 18 வயதுக்குக் குறைந்தவரைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் வேண்டுமென்றே புறக்கணிப்பதைச் சிறுவருக்குக் கொடுமை செய்யும் குற்றமாக்குகிறது. 'வேண்டுமென்றே' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஒரு கணம் கண் தவறிய தாயை நோக்கி எழுதப்பட்ட பிரிவு அல்ல அது. அதில் இன்னொன்றும் முக்கியம்: 'பொறுப்பில் வைத்திருப்பவர்' என்பது பெற்றவரை மட்டும் குறிக்கவில்லை. பிள்ளையைத் தடாகத்துக்குக் கூட்டிப்போன மாமாவும், வகுப்பை எடுத்த பயிற்றுநரும் அந்த நேரத்துக்கு அந்த இடத்தில் வரலாம்.

நட்டஈடு வேறு வழி. இலங்கையில் இது ஒல்லாந்தர் ஆட்சியோடு வந்த ரோமன் டச்சுச் சட்டத்தின் அடிப்படையில் வருவது. கேட்கப்படும் கேள்வி எளிமையானது: நியாயமான ஒருவர் இந்த ஆபத்தை முன்கூட்டி ஊகித்திருப்பாரா? ஊகித்திருந்தால் தடுக்க ஏதும் செய்திருப்பாரா? இவர் அதைச் செய்யத் தவறினாரா? கதவு பூட்டுவதில்லை என்று மூன்று மாதத்துக்கு முன் எழுத்தில் முறைப்பாடு போயிருந்தால், "எங்களுக்குத் தெரியாது" என்று நிர்வாகம் சொல்ல முடியாது. மேலே எழுத்தில் கொடுக்கச் சொன்னது இதற்காக.

இனி எல்லோரும் கேட்கும் கேள்வி. "விபத்துகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற பலகையும், சேரும்போது வாங்கும் கையெழுத்தும் என்ன பெறுமதி? 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் இதற்கு விடை வைத்திருக்கிறது. வியாபாரம் நடத்துபவர் தன் கவனயீனத்தால் விளையும் மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ உள்ள பொறுப்பை ஒப்பந்த வாசகத்தாலோ அறிவித்தலாலோ விலக்கிக்கொள்ள முடியாது. பலகை சுவரில் இருக்கட்டும். கடமை அதோடு போய்விடாது. மறுபக்கமும் உண்டு. நிர்வாகத்துக்குக் கவனயீனம் இல்லையென்றால் பலகை இல்லாவிட்டாலும் பொறுப்பில்லை.

தொடக்கத்தில் சொன்ன 'அவரா இவரா' வாதத்துக்கும் சட்டத்தில் இடமில்லை. கவனயீனத்தில் பங்குள்ளவர்களிடையே நட்டஈட்டைப் பிரிக்க 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் வழி செய்கிறது. உடைந்த வேலிக்கு ஒரு பங்கு, போனில் இருந்த பெரியவருக்கு ஒரு பங்கு என்று நீதிமன்றம் போடலாம். ஒருவர் பிழை மற்றவரைக் கழுவிவிடாது.

வகுப்புக்கு விடும்போது பொறுப்பு எப்போது கைமாறுகிறது என்பதும் இதே கணக்கில்தான் வரும். வாசலில் இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பினால் கைமாறியதாகப் பெற்றோர் நினைக்கிறார்கள். விசில் அடித்து வகுப்புத் தொடங்கினால்தான் என்று பயிற்றுநர் நினைக்கிறார். உடுப்பு மாற்றும் அறைக்கும் தடாகத்துக்கும் இடையிலான அந்தப் பத்து நிமிடம் யாருடையதும் அல்ல. சேர்க்கும் நாளிலேயே கேட்டுத் தெளிவாக்க வேண்டிய இடம் இது: பிள்ளையை யாரிடம் பெயர் சொல்லி ஒப்படைப்பது, யாரிடமிருந்து திரும்பப் பெறுவது.

தூக்கியெடுத்த பிறகு

மூளை ஒட்சிசன் இல்லாமல் நாலைந்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. அம்புலன்ஸ் வருமுன் கரையில் நிற்பவர் செய்வதுதான் முடிவைத் தீர்மானிக்கும்.

1. நீந்தி மீட்கப் பயிற்சி இல்லாதவர் பாயக்கூடாது. தடியை, துவாயை, சேலையை நீட்டலாம். மூடியை இறுக்கிய வெற்றுத் தண்ணீர்க் கானை எறியலாம். அது ஒரு பிள்ளையை மிதக்க வைக்கும்.
2. ஒருவர் 1990ஐ அழைக்க வேண்டும். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். தனியாக இருந்தால் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு முதலுதவியைத் தொடங்க வேண்டும்.
3. தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது இரண்டும் கூடாது. நேரம் போகும், வாந்தி நுரையீரலுக்குள் போகும்.
4. கூப்பிட்டும் அசைவில்லை, ஒழுங்கான மூச்சில்லை என்றால் முதலில் மூச்சுக் கொடுக்க வேண்டும். இதயம் திடீரென நின்றவருக்குச் சொல்லப்படும் 'மார்பை மட்டும் அழுத்து' என்ற அறிவுரை இங்கே பொருந்தாது, ஏனென்றால் இங்கே நின்றுபோனது முதலில் மூச்சு. ஐரோப்பிய வழிகாட்டல் 5 மூச்சு என்கிறது, அமெரிக்க வழிகாட்டல் 2 என்கிறது.
5. பிறகு மார்பின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று மாறி மாறி. வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. ஆழம் பிள்ளையின் மார்புத் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு. பிள்ளை அசையும்வரை அல்லது உதவி வரும்வரை நிறுத்தக்கூடாது.

எழும்பி அழுத பிள்ளையைத் துவட்டிக் கொத்துரொட்டி வாங்கிக் கொடுத்து வீட்டுக்குக் கூட்டிப்போவதோடு கதை முடிவதில்லை. மூச்சுக் கொடுக்க வேண்டி வந்த எந்தப் பிள்ளையும், எவ்வளவு உற்சாகமாக இருந்தாலும், வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தண்ணீர் குடித்து இருமிய பிள்ளையை அடுத்த சில மணிநேரம் கூர்ந்து பார்க்க வேண்டும். நிற்காத இருமல், வேகமான மூச்சு, விலா எலும்புகளுக்கிடையே சதை உள்ளிழுத்தல், வாயில் நுரை, வாந்தி, வழக்கமில்லாத தூக்கக் கலக்கம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காலைவரை பொறுக்காமல் பொரளை சிறுவர் வைத்தியசாலைக்கோ கிட்டவுள்ள அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ கொண்டுபோக வேண்டும். எத்தனை மணிக்கு மூழ்கியது, ஏறத்தாழ எவ்வளவு நேரம் நீருக்குள் இருந்தது, தானாக மூச்சு வந்ததா கொடுத்து வந்ததா என்ற மூன்றையும் மருத்துவர் முதலில் கேட்பார். அதற்கு விடை சொல்லக்கூடியவர் அப்போது பார்த்துக்கொண்டிருந்தவர் மட்டுமே.